இல்லாமல் போன மரபணு எப்படி நல்லதாகும்?

மதுரையில் பாதாலஜிஸ்டாக இருக்கிறேன். எங்கள் வேலை பெரும்பாலும் நோயாளியின் முகத்தைப் பார்க்காமலே நடக்கும். டியூபும் ஸ்லைடும்தான் எங்களிடம் வரும். ஆனாலும் ரிப்போர்ட் வாங்க வருகிறவர்களில் சிலர் கவுன்டரோடு திரும்பிவிடாமல் உள்ளே வந்து உட்கார்ந்து கேட்பார்கள். சென்ற மழைக்காலத்தில் அப்படி ஒரு பெண் வந்தார். அவருடைய அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கண்புரை அறுவைக்கு முன்னால் எடுக்கிற வழக்கமான ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் பல மடங்கு கூடியிருந்தன. அவருக்கு உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. ஸ்மியரை மைக்ரோஸ்கோப்பில் வைத்தபோது சிறு சிறு நிணநீர் செல்கள் நெருக்கமாகத் தெரிந்தன. அவற்றுக்கு இடையிடையே, ஸ்லைடில் தேய்க்கும்போதே நசுங்கிப் போன செல்களின் கறை. எங்களுக்கு அந்தக் கறை நன்றாகப் பழகிய அடையாளம். சி.எல்.எல். என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் அது. மேலை நாடுகளில் பெரியவர்களுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்களில் இது முன்வரிசையில் நிற்கிறது. நம் நாட்டில் அதைவிடக் குறைவு.

அந்தப் பெண் கையில் வைத்திருந்தது குரோமோசோம் ரிப்போர்ட். 13ஆம் குரோமோசோமின் நீண்ட கையில், 13க்யூ14 என்ற இடத்தில், ஒரு துண்டு காணவில்லை என்று அதில் இருந்தது. “அப்பாவுக்கு ஒரு மரபணு இல்லாமப் போச்சுன்னு போட்டிருக்கு மேடம். ஆனா ஆஸ்பத்திரியில டாக்டர், இருக்கிறதுலயே இதுதான் நல்ல ரிப்போர்ட்டுங்கிறார். இல்லாமப் போனது எப்படி மேடம் நல்லதாகும்?” என்று கேட்டார்.

அன்று அவருக்குப் புரிகிற அளவில் சொல்லி அனுப்பினேன். ஆனால் அந்தக் கேள்விக்கு முழுசாகப் பதில் சொல்லப் போனால், புற்றுநோயைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கும் முறையையே மாற்ற வேண்டியிருக்கும். ‘புற்றுநோய்க்கான மரபணு கண்டுபிடிப்பு’ என்று செய்தி வருகிறது. ‘ஒரு டியூப் ரத்தத்தில் எல்லாப் புற்றுநோயும் தெரிந்துவிடும்’ என்று விளம்பரம் வருகிறது. இரண்டும் ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கின்றன: ஒரு நோய்க்கு ஒரு குற்றவாளி, அவனைப் பிடித்தால் வேலை முடிந்தது. இந்த நம்பிக்கை தவறு என்பது என் கருத்து. அதற்கு நான் காட்டுகிற சாட்சி ஒரே ஒரு மூலக்கூறு. வெறும் 22 எழுத்து நீளமுள்ள மிர்-16 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.

13க்யூ14 காணாமல் போவது சி.எல்.எல். நோயாளிகளிடம் அடிக்கடி நடக்கிற ஒன்று. ஜெர்மனியில் ஹார்ட்மட் டோனரும் சகாக்களும் 325 நோயாளிகளை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் எங்கள் கையேடு மாதிரி. அவர்களில் 55 சதவீதம் பேரிடம் இந்தத் துண்டு இல்லை. இப்படிப் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் ஒரே இடம் அழிகிறதென்றால், நோயைத் தடுக்கிற மரபணு ஏதோ அங்கே இருந்திருக்க வேண்டும் என்று நினைப்பதுதான் இயல்பு. 1990கள் முழுக்கப் பல நாட்டு ஆய்வகங்கள் அந்த மரபணுவைத் தேடின. அழிந்த துண்டுகளை நோயாளிக்கு நோயாளி ஒப்பிட்டு, எல்லோருக்கும் பொதுவாக அழிந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கிக்கொண்டே வந்தன. அங்கே கிடைத்த மரபணுக்களுக்குப் பெயரும் வைத்தாயிற்று. ஆனால் அவற்றில் எதுவுமே நோயைத் தடுக்கும் புரதம் எதையும் உண்டாக்குவதாகத் தெரியவில்லை. நோயாளிகளிடம் எஞ்சியிருந்த இன்னொரு பிரதியில் பழுதும் அகப்படவில்லை. பத்தாண்டு உழைப்பு வெறுமையில் வந்து நின்றது.

மரபணு என்றால் அது புரதத்துக்கான செய்முறைதான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டதுதான் அதற்குக் காரணம். தேடப்பட்ட பொருள் அங்கேயேதான் கிடந்தது. அது புரதமாகாத பொருள் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை.

கண்ணில் படச் செய்தது ஒரு புழு. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள, மண்ணில் வாழும் உருண்டைப் புழு. அதன் வளர்ச்சிப் பருவங்கள் ஏன் சில புழுக்களில் வரிசை தப்பிப் போகின்றன என்று விக்டர் அம்புரோஸும் கேரி ரவ்கனும் தனித்தனி ஆய்வகங்களில் தேடிக்கொண்டிருந்தார்கள். லின்-4 என்ற மரபணு புரதம் எதையும் உண்டாக்கவில்லை, வெறும் 22 எழுத்து ஆர்.என்.ஏ. துணுக்கு ஒன்றைத்தான் உண்டாக்குகிறது, அது லின்-14 என்ற வேறொரு மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வின் வால் பகுதியில் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியை அடக்குகிறது என்று 1993இல் இருவரும் அடுத்தடுத்த கட்டுரைகளில் காட்டினார்கள். புழுவின் விநோதம் என்று பெரும்பாலானவர்கள் கடந்து போனார்கள். 2000இல் ரவ்கன் குழு லெட்-7 என்ற இரண்டாவது துணுக்கைக் கண்டது. அது மனிதன் வரைக்கும் எழுத்து மாறாமல் இருந்தது. அதற்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. மறு ஆண்டில் மூன்று குழுக்கள் இப்படிப்பட்ட துணுக்குகளை, அதாவது மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை, கூட்டம் கூட்டமாக எடுத்து வைத்தன. அம்புரோஸும் ரவ்கனும் 2024இல் நோபல் பரிசு பெற்றார்கள். புழுவின் பருவ வளர்ச்சியால் மனிதனுக்கு என்ன பயன் என்று கேட்டு யாராவது அந்த ஆய்வுகளுக்குப் பணம் தர மறுத்திருந்தால், என் லேபுக்கு வரும் இந்த ரிப்போர்ட்டின் பொருள் இன்றைக்கும் புரிந்திருக்காது. அடிப்படை ஆராய்ச்சிக்கான நிதியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

ஃபிலடெல்பியாவில் கார்லோ குரோச்சேயும் ஜார்ஜ் காலினும் 13க்யூ14ஐ மறுபடியும் பார்த்தது இதற்குப் பிறகுதான். குறுக்கிக் குறுக்கிக் கொண்டுவந்திருந்த அந்தச் சின்ன இடத்துக்குள் இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ. மரபணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன: மிர்-15ஏ, மிர்-16-1. அவர்கள் சோதித்த சி.எல்.எல். நோயாளிகளில் ஏறக்குறைய 68 சதவீதம் பேரிடம் இவை அழிந்தோ அளவு குறைந்தோ இருந்தன. 2002இல் வெளியான அந்தக் கட்டுரைதான் மைக்ரோ ஆர்.என்.ஏ.வை மனிதப் புற்றுநோயோடு முதன்முதலாக இணைத்தது.

சரி, 22 எழுத்துத் துணுக்கு ஒன்று செல்லுக்குள் என்ன செய்துவிட முடியும்? நீண்ட ஆர்.என்.ஏ. ஒன்று உட்கருவில் ஒரு முறையும் வெளியே வந்தபின் ஒரு முறையும் வெட்டப்பட்டு இந்தத் துணுக்கு உருவாகிறது. ஆர்கனாட் என்ற புரதம் இதை ஏந்திக்கொள்கிறது. இரண்டாவது எழுத்திலிருந்து எட்டாவது எழுத்து வரையுள்ள பகுதிதான் விலாசம். எந்தத் தூது ஆர்.என்.ஏ.வின் வாலில் அதற்கு இணையான எழுத்துகள் இருக்கின்றனவோ அதில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டப்பட்ட தூது சிதையும், அல்லது அதிலிருந்து புரதம் உருவாவது குறையும். ஏழு எழுத்து விலாசம் என்பது மிகக் குட்டையான விலாசம். ஆகவே ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான வீடுகளைத் தட்டும். ஒரே வீட்டைப் பல மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும் தட்டும். மனிதனின் புரத மரபணுக்களில் 60 சதவீதத்துக்கும் மேல் ஏதாவது ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் பிடிக்குள் இருப்பதாக 2009இல் கணக்கிட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பிடி மென்மையானது. அமெரிக்காவில் ஒரு குழுவும் பெர்லினில் ஒரு குழுவும் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கூட்டிக் குறைத்து ஆயிரக்கணக்கான புரதங்களை அளந்து பார்த்து, 2008இல் கட்டுரைகள் வெளியிட்டன. நூற்றுக்கணக்கான புரதங்கள் அசைந்தன. ஆனால் பெரும்பாலானவை ஒரு மடங்குகூட மாறவில்லை. எந்தக் கதவையும் மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒரேயடியாகச் சாத்திவிடுவதில்லை. ஒரே நேரத்தில் பல இடங்களில் சிறிதுசிறிதாக அளவை மாற்றுகிறது. எங்கள் பக்கத்துச் சங்கிலிக் கண்மாய்களைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். மேல்கண்மாயின் மடையை நாலு விரல் தூக்கினால் அந்த இடத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. கீழே அடுத்தடுத்த கண்மாய்களில் எது நிரம்பும், எது காயும், எதன் கரை உடையும் என்பது மாறிவிடும்.

மிர்-16 தட்டும் வீடுகளில் பெயர்பெற்றது பி.சி.எல்.-2. செல்லைச் சாகவிடாமல் வைத்திருக்கும் புரதம் அது. காலம் முடிந்த செல், தன்னைத்தானே அழித்துக்கொள்வதற்கு மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வைத் துளைக்க வேண்டும். துளைக்கப் போகும் புரதங்களைப் பிடித்து நிறுத்துவது பி.சி.எல்.-2. இதன் மரபணுவை 1984இல் வேறொரு நிணநீர்ப் புற்றுநோயில் கண்டெடுத்தவர்கள் யோஷிஹிடே சுஜிமோட்டோவும் அதே கார்லோ குரோச்சேயும்தான். இது செல்லைப் பெருக்கவில்லை, சாகாமல் காக்கிறது என்று 1988இல் மெல்பர்ன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சி.எல்.எல். செல்களில் இந்தப் புரதம் ஏராளமாக இருப்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். ஏன் இருக்கிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது. மிர்-15ஏயும் மிர்-16உம் பி.சி.எல்.-2ஐ அடக்குகின்றன, அவை குறைந்தால் அது கூடுகிறது என்று குரோச்சே குழு 2005இல் காட்டியபோது இந்தப் புதிரின் ஒரு பகுதி அவிழ்ந்தது.

ஒரு பகுதி என்றுதான் சொல்ல வேண்டும். 13க்யூ14 முழுதாக இருக்கும் சி.எல்.எல். நோயாளிகளிடமும் பி.சி.எல்.-2 கூடுதலாகத்தான் இருக்கிறது. அங்கே வேறு வழிகளில் அது ஏறியிருக்கிறது. இன்னொரு பக்கம், 13க்யூ14ஐ இழந்த நோயாளியிடம் மிர்-16 ஒரேயடியாக இல்லாமல் போவதும் இல்லை. 3ஆம் குரோமோசோமில் மிர்-16-2 என்று இன்னொரு மரபணு இருக்கிறது. அதிலிருந்து வருவதும் எழுத்துக்கு எழுத்து அதே மூலக்கூறுதான். ஆக, ‘இல்லாமல் போச்சு’ என்று ரிப்போர்ட் சொன்னாலும், செல்லுக்குள் நடந்தது அளவுக் குறைவு. எலிகளில் இந்த இடத்தை வெட்டியெடுத்து ரிக்கார்டோ டல்லா-ஃபவேராவின் நியூயார்க் குழு 2010இல் சோதித்தது. எல்லா எலிகளுக்கும் நோய் வரவில்லை. ஒரு பகுதிக்கு மட்டும், அதுவும் வயதான பிறகு வந்தது. மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை மட்டும் எடுத்த எலிகளைவிட, சுற்றியுள்ள பகுதியையும் சேர்த்து எடுத்த எலிகளில் நோய் தீவிரமாக இருந்தது. குற்றவாளி ஒருவன்தான் என்றால் இப்படி நடந்திருக்காது.

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வரலாம். டோனர் குழுவின் கணக்கில், 13க்யூ14 மட்டும் அழிந்தவர்களின் இடைநிலை ஆயுள் 133 மாதம். குரோமோசோமில் குறையே தெரியாதவர்களுக்கு 111 மாதம்தான். 11ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் இழப்பு உள்ளவர்களுக்கு 79. 17ஆம் குரோமோசோமின் குட்டைக் கையை இழந்தவர்களுக்கு 32. இவை இன்றைய மருந்துகள் வருவதற்கு முந்தைய எண்கள். இன்று எல்லோருடைய நிலையும் மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் இந்த வரிசை யோசிக்க வைக்கிறது. துண்டை இழந்தவர் எதையும் இழக்காதவரைவிட அதிக காலம் வாழ்கிறார். எப்படி?

2011இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஒரு விளக்கத்தை முன்வைத்தது. மிர்-15, மிர்-16 இரண்டும் பி.சி.எல்.-2ஐ மட்டும் அடக்கவில்லை. பி-53ஐயும் அடக்குகின்றன. பி-53 என்பது செல்லின் பெரிய காவல்காரன். டி.என்.ஏ. கெட்டால் செல்லை நிறுத்துவதும், தேவைப்பட்டால் சாகச் சொல்வதும் அதன் வேலை. அதன் மரபணு இருப்பது 17ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில். இந்த பி-53 திரும்பவும் மிர்-15ஐயும் மிர்-16ஐயும் தூண்டுகிறது. கூடவே மிர்-34 குடும்பத்தையும் தூண்டுகிறது. மிர்-34இன் இரண்டு மரபணுக்கள் இருப்பது 11ஆம் குரோமோசோமின் நீண்ட கையில். அந்த மிர்-34, சி.எல்.எல்.-ஐத் தீவிரமாக்கும் ஸாப்-70 என்ற புரதத்தை அடக்குகிறது. இப்போது 13க்யூ14ஐ எடுத்துவிட்டுப் பாருங்கள். பி.சி.எல்.-2 ஏறுகிறது, செல் சாக மறுக்கிறது, நோய் தொடங்குகிறது. அதே நேரத்தில் பி-53உம் ஏறுகிறது, அதனால் மிர்-34 ஏறுகிறது, ஸாப்-70 இறங்குகிறது, நோய் நிதானமாக நடக்கிறது. நோயைத் தொடங்கி வைத்த இழப்பே அதன் வேகத்துக்கும் கடிவாளம் போடுகிறது. 17ஐயோ 11ஐயோ இழந்தவரிடம் அந்தக் கடிவாளமும் அறுந்துபோகிறது. 11ஆம் குரோமோசோமில் அழியும் பகுதியில் வேறு முக்கியமான மரபணுவும் உண்டு என்பதால் எல்லாக் கணக்கையும் மிர்-34 தலையில் எழுத நான் தயாராக இல்லை. ஆனால் எங்கள் ரிப்போர்ட்டில் தனித்தனி வரிகளாக அச்சாகும் மூன்று குரோமோசோம் இழப்புகள் செல்லுக்குள் ஒரே சுற்றில் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதை முதன்முதலாகப் படித்த அன்று, அந்த ரிப்போர்ட்டைப் பார்க்கும் என் கண்ணே மாறியது.

இந்தச் சுற்று அதோடும் நிற்கவில்லை. பி-53, மைக்ரோ ஆர்.என்.ஏ. மரபணுக்களைத் தூண்டுவதோடு, நீண்ட ஆர்.என்.ஏ.விலிருந்து மிர்-16ஐ வெட்டியெடுக்கும் வேலையையும் வேகப்படுத்துகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். வெட்டும் கருவியே கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கும் துயரமான சான்று இருக்கிறது. செல்லின் இரண்டாவது வெட்டைச் செய்யும் டைசர் புரதத்தின் மரபணுவில் பிறவியிலேயே ஒரு பிரதி பழுதான சில குடும்பங்களில், சிறு குழந்தைகளுக்கு நுரையீரலில் அரிய புற்றுநோய் வருகிறது. 2009இல் இது கண்டறியப்பட்டது. அந்தக் கட்டிகளில் டைசர் முழுதாக அழிந்திருப்பதில்லை. இரண்டாவது பிரதியில் குறிப்பிட்ட சில இடங்களில் பழுது விழுந்து, மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் ஒரு பாதி மட்டும் சரியாக உருவாகாமல் போகிறது. முழு இழப்பைவிடச் சமநிலைக் குலைவு ஆபத்தாகிறது.

கட்டி பரவுவதிலும் இப்படி ஒரு சுற்று உண்டு. மிர்-200 குடும்பம் செப்-1 என்ற புரதத்தை அடக்கும். செப்-1 மிர்-200ஐ அடக்கும். எது மேலோங்குகிறதோ அதற்கேற்ப, செல் பக்கத்துச் செல்லோடு ஒட்டி இருக்கும், அல்லது கழன்று நகரத் தொடங்கும். நகர்ந்து போய் வேறு உறுப்பில் தங்கிய செல் திரும்பவும் ஒட்டும் நிலைக்கு வரவும் முடியும். இதற்கெல்லாம் புதிதாக ஒரு மரபணுப் பழுதுகூடத் தேவையில்லை.

இந்த வலைப்பின்னலைப் புரிந்துகொண்டதால் மருத்துவத்துக்குக் கிடைத்ததும் உண்டு, பட்டதும் உண்டு. பி.சி.எல்.-2ஐ நேரடியாக அடைக்கும் வெனெட்டோகிளாக்ஸ் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2016இல் அனுமதி கிடைத்தது. முதலில் 17ஆம் குரோமோசோம் இழப்புள்ள, மிக மோசமான நிலையில் இருந்த சி.எல்.எல். நோயாளிகளுக்கு. இந்த மருந்தை முழு அளவில் தொடங்கவே கூடாது. 20 மில்லிகிராமில் ஆரம்பித்து வாரம் ஒரு படியாக 50, 100, 200, 400 என்று ஏற்ற வேண்டும். அவ்வளவு செல்கள் ஒரே நேரத்தில் செத்து, அவற்றின் சரக்கு ரத்தத்தில் கொட்டினால் சிறுநீரகம் தாங்காது. பி.சி.எல்.-2ஐ மட்டும் நம்பி அத்தனை செல்கள் உயிரோடு இருந்திருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எனினும் ஆண்டுகள் போகப் போகச் சிலரிடம் நோய் திரும்புகிறது. சில செல்களில் பி.சி.எல்.-2இன் வடிவமே மாறி மருந்து ஒட்டாமல் போகிறது. சிலவற்றில் எம்.சி.எல்.-1 போன்ற உறவுக்காரப் புரதங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஒரு மடையை அடைத்தால் நீர் வேறு மடை தேடுகிறது. ஆகவேதான் இப்போது இந்த மாத்திரையை வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுப்பது வழக்கமாகியிருக்கிறது.

அப்படியானால் குறைந்துபோன மைக்ரோ ஆர்.என்.ஏ.வையே உடம்புக்குள் திருப்பிச் செலுத்தினால் என்ன? சிட்னியில் மிர்-16ஐ வைத்தே அதைச் செய்து பார்த்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோயில் மிர்-16 குறைந்திருப்பதைக் கண்ட குழு, அதன் செயற்கை நகலை, பாக்டீரியாவிலிருந்து எடுத்த உயிரற்ற நுண்பைகளில் ஏற்றி நோயாளிகளுக்குச் செலுத்தியது. முடிவுகள் 2017இல் வெளிவந்தன. 26 பேருக்கு மருந்து போனது. பலன் அளக்கப்பட்ட 22 பேரில் 15 பேருக்கு நோய் ஓரிடத்தில் நின்றது. கட்டி குறிப்பிடும்படி சுருங்கியது ஒருவருக்கு மட்டும். அமெரிக்காவில் மிர்-34இன் நகலைக் கொழுப்புக் குமிழிகளில் ஏற்றிச் செய்த சோதனை இன்னும் கடினமான பாடம். 2013இல் தொடங்கியது. 85 பேர் சேர்ந்தார்கள். நோய் எதிர்ப்பு மண்டலம் கொந்தளித்ததில் நான்கு பேர் இறந்தார்கள். 2016இல் சோதனை நிறுத்தப்பட்டது. கண்ணாடிக் குடுவையில் புற்றுநோய் செல்களை அழகாக அடக்கிய அதே மூலக்கூறுதான். உடம்பு என்பது கட்டி மட்டும் இல்லை. அதே விலாசம் உள்ள வீடுகள் வெள்ளணுக்களிலும் இருக்கின்றன, கல்லீரலிலும் இருக்கின்றன.

அந்த நான்கு பேரின் மரணத்தை ஆராய்ச்சியின் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். ஒப்புதல் தந்து, தெரிந்தே அந்த அபாயத்துக்குள் வந்தவர்கள் அவர்கள். சோதனை நடத்தியவர்கள் முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள். என் கோபம், இப்படிப்பட்ட முடிவுகளையெல்லாம் விட்டுவிட்டுக் குடுவையில் நடந்ததை மட்டும் எடுத்துப் போடும் செய்திகளின் மேல்தான். அவற்றைப் படித்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் கீமோவை நிறுத்திப் புது மருந்துக்குக் காத்திருக்கலாமா என்று கேட்டு வருகிறவர்களை நான் பார்க்கிறேன்.

மருந்தைவிட எனக்கு நேரடியாகத் தெரிந்த விஷயம் ரத்தப் பரிசோதனை. மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் செல்லுக்கு வெளியே, பிளாஸ்மாவிலும் மிதக்கின்றன. எளிதில் சிதைவதில்லை. அவற்றை அளந்தால் கட்டியை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாமே என்ற எண்ணத்தில் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்துவிட்டன. பரிசோதனை விற்கும் பிரதிநிதிகள் எங்கள் லேபுக்கும் வருகிறார்கள். வண்ண அட்டைகளில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற சொல் பெரிதாக அச்சாகியிருக்கும். நான் முதலில் அவர்களிடம் கேட்பது, ‘சாம்பிள் ஹீமோலைஸ் ஆகியிருந்தால் என்ன செய்வீர்கள்?’ என்பதுதான்.

ஹீமோலைஸ் ஆவது, அதாவது சிவப்பணுக்கள் உடைவது, எங்கள் தொழிலில் தினசரித் தலைவலி. நரம்பு கிடைக்காமல் மெல்லிய ஊசியில் சிரிஞ்சை வேகமாக இழுத்தால் சிவப்பணு உடையும். டியூபை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குவதற்குப் பதில் குலுக்கினால் உடையும். தேனியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வெயிலில் பஸ் ஏறி வரும் பார்சலில் உடையும். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்தால், வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய பிளாஸ்மா இளஞ்சிவப்பாக வந்து நிற்கும். பொட்டாசியம் அளவு பொய்யாக ஏறும் என்பதால் அந்த டியூபை ஒதுக்கிவிட்டு மறுபடி ரத்தம் கேட்போம். சிவப்பணுக்களுக்குள் நிறைந்து கிடக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் ஒன்று மிர்-451. இன்னொன்று இதே மிர்-16. கண்ணுக்குத் தெரியாத அளவு சிவப்பணு உடைந்தாலே பிளாஸ்மாவில் இவற்றின் அளவு ஏறிவிடுகிறது. இதை 2011இல் எச்சரித்தவர்கள், மிர்-16ஐ மருந்தாக்கிப் பார்த்த அதே சிட்னி ஆய்வாளர்கள்தான். இத்தனைக்கும் அந்தக் காலத்தில் பல ஆய்வுகள், மற்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை ஒப்பிட்டு அளப்பதற்கான நிலையான அளவுகோலாக மிர்-16ஐத்தான் வைத்திருந்தன. அளவுகோலே நீண்டு சுருங்கினால் அளந்தது என்னவாகும்?

2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பட்டியல் போட்டார்கள். திடக்கட்டிப் புற்றுநோய்களின் ரத்த அடையாளங்கள் என்று அதுவரை அறிவிக்கப்பட்டிருந்த 79 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் 46, ஏதாவது ஒரு வகை ரத்த செல்லிலேயே ஏராளமாக இருப்பவை. அதாவது மார்பகக் கட்டியின் அடையாளம் என்று அளக்கப்பட்டது, அந்த நோயாளியின் வெள்ளணு எண்ணிக்கையாகவோ ஊசி குத்தியவரின் கைப்பழக்கமாகவோ இருந்திருக்கலாம்.

எல்லாமே வீண் என்று சொல்லவில்லை. விந்தகப் புற்றுநோய்களில் மிர்-371 என்ற அடையாளம் அருமையாக வேலை செய்கிறது. ஜெர்மன் ஆய்வாளர்கள் 616 நோயாளிகளிடம் சோதித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேரை அது சரியாகக் காட்டியது. நோய் இல்லாதவர்களில் 94 சதவீதம் பேரை இல்லை என்றே சொன்னது. கட்டியை அகற்றியதும் அளவு சட்டென இறங்குகிறது. வழக்கமான பழைய அடையாளங்களைவிட இது மேல். ஏன் இது மட்டும் தேறியது? ஆரோக்கியமான பெரியவர்களின் உடம்பில் மிர்-371 அநேகமாக உருவாவதே இல்லை. அது கருவின் ஆரம்ப நாட்களுக்குரியது. ரத்தத்தில் தெரிந்தால் வர வேறு இடம் கிடையாது. மிர்-16க்கோ மிர்-21 போன்ற மற்றவற்றுக்கோ அந்த வசதி இல்லை. உடம்பு முழுக்க அவை இருக்கின்றன. பல நோய்களில் ஏறுகின்றன, பல நோய்களில் இறங்குகின்றன.

ஆகவே ஆரோக்கியமாக இருக்கும் ஒருவரிடம், ‘ஒரு டியூப் ரத்தம் கொடுங்கள், எந்தப் புற்றுநோய் இருந்தாலும் சொல்லிவிடுகிறோம்’ என்று மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் பெயரால் பரிசோதனை விற்பதை நான் எதிர்க்கிறேன். நாற்பது வயதுப் பெண் அந்தப் பணத்தைக் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கும் மார்பகப் பரிசோதனைக்கும் செலவழிக்கட்டும். அரசு மருத்துவமனையில் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு அந்தச் செலவும் வேண்டாம். புகையிலை போடுகிறவர் வாயைத் திறந்து பல் மருத்துவரிடம் காட்டட்டும். இவை பழையவை, எளியவை, பல்லாண்டு சோதிக்கப்பட்டவை.

விற்றே ஆக வேண்டும் என்கிறவர்கள் குறைந்தபட்சம் ரிப்போர்ட்டிலேயே சில விவரங்களை அச்சிட வேண்டும் என்று ஒழுங்குமுறை வர வேண்டும். ரத்தம் எடுத்த நேரம், பிளாஸ்மாவைப் பிரித்த நேரம், அதில் ஹீமோலைசிஸ் எவ்வளவு இருந்தது, எந்த மூலக்கூறை அளவுகோலாக வைத்து அளந்தார்கள், நோயே இல்லாத எத்தனை பேரிடம் இந்தப் பரிசோதனை நடத்தப்பட்டு அவர்களில் எத்தனை பேருக்குப் புற்றுநோய் என்று தவறாகக் காட்டியது. இந்த விவரங்கள் இல்லாமல் வரும் எண்ணை வைத்துக்கொண்டு யாரையும் ஸ்கேனுக்கோ பயாப்சிக்கோ அனுப்ப வேண்டாம் என்று என்னிடம் கேட்கும் மருத்துவர்களிடம் சொல்லி வருகிறேன்.

சி.எல்.எல். நோயாளிகளின் குரோமோசோம் ரிப்போர்ட் விஷயத்தில் பாதாலஜிஸ்டுகளான எங்களுக்கே ஒரு வேலை இருக்கிறது. ‘13க்யூ14 இழப்பு’ என்று ஒற்றை வரியை அச்சிட்டு அனுப்புவதோடு நிறுத்தக் கூடாது. கூடவே 11, 17 ஆகியவை எப்படி இருக்கின்றன, எத்தனை சதவீத செல்களில் இந்த இழப்பு இருக்கிறது, இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் என்ன பொருள் என்று தமிழில் நாலு வரி எழுதி இணைக்கலாம். எங்கள் லேபில் அதைத் தொடங்கியிருக்கிறோம். தாள் ஒரு பக்கம் கூடுகிறது. அவ்வளவுதான் செலவு.